பாதி அறை

பாரத்தில் ஏழாவது கட்டம்:
குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை.
1 என்று எழுதிவிட்டு
அது குச்சிபோல் நிற்பதைப் பார்த்தேன்.
பக்கத்தில் இன்னொரு குச்சி நட்டால்
பதினொன்று.
பதினொரு பேர் என்றால் உடனே வீடு கிடைக்குமோ என்னவோ.

கவுண்டர் மூன்றில் புவான் ரொஸ்னீத்தா நல்லவர்தான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
"பூஜாங், முப்பத்தைந்துக்குக் கீழே.
வாடகை உதவி பாதி அறைக்குத்தான், அடேக்."
எனக்கு இருபத்தாறு.
முழு அறைக்கு இன்னும் ஒன்பது வருடம் வயதாக வேண்டும்.
அல்லது கல்யாணம்.
அல்லது ஒரு குழந்தை; அதற்கு வேறு பாரம், இளஞ்சிவப்பில்.

எந்தப் பாதி என்று கேட்க நினைத்தேன்.
ஜன்னல் உள்ள பாதியா,
காற்றாடி சுற்றும் பாதியா?
கதவு எதில் வரும்?
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
நகர்ந்துவிட்டேன்.

லயத்து வீடு அப்பாவின் வேலையோடு வந்தது.
வேலையோடு போனது.
அரிவாள், தள்ளுவண்டி, தொப்பி,
பன்னிரண்டாம் நம்பர் சாவி:
நான்கையும் கிராணி ஒரே தாளில் எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
அப்பா பந்திங்கில் அத்தை வீட்டுக்குப் போனார்.
அங்கே கூடத்தில் ஒரு பாய்க்கு இடம் இருந்தது,
இரண்டு பாய்க்கு இல்லை.
யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

இந்தப் புக்கிட் தெராத்தையைச் சுற்றி
மூன்று பக்கமும் செம்பனை.
மரத்துக்கு மரம் முப்பதடி.
கன்று வைக்கும்போதே அளந்து விடுகிறார்கள்.

இப்போது டயர் கடைக்கு மேலே,
பலகை தடுத்த அறை,
மாதம் முந்நூற்று இருபது வெள்ளி.
குலை ஏற்றிய லாரி கீழே போனால்
வாளித் தண்ணீரில் வட்டம் விழும்.
கையுறைத் தொழிற்சாலையில் நான் இரவு, ஜெலியா பகல்.
சரவாக்கிலிருந்து வந்தவள்.
மெத்தை ஒன்றுதான்.
நான் வரும்போது அது அவள் சூட்டில் இருக்கும்,
அவள் வரும்போது என் சூட்டில்.
ஆறு மாதமாகிறது, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்
அவள் முகத்தைப் பார்த்ததில்லை.
தலை எண்ணெய் வாசம் தெரியும்.
தலையணைக்கடியில் பிஸ்கட் வைப்பாள்,
ஒன்றை எனக்கு விட்டுப் போவாள்.
நகராண்மைக் கழகம் சொன்ன பாதி அறை
இதுதான் போலிருக்கிறது;
சுவர் வைத்துப் பிரிக்காமல்
கடிகாரம் வைத்துப் பிரித்தது.

பேக்கிங் பிரிவு யுவனேசன்
பசியாறும் நேரத்தில் கேட்டான்:
"பதிஞ்சுக்கலாமா? சும்மா, பேப்பர்ல.
மூணு ரூம் பிளாட். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு,
ஒண்ணுல மோட்டார் சாமான் போட்டுக்கலாம்."
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
அண்ணன் கடை ஸ்டோரில்,
எண்ணெய் டின்களுக்கு நடுவில் தூங்குகிறவன்.
ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து
தின்னாமல் வைத்திருந்தான்.

அன்றிரவு பெல்ட்டில் கையுறைகள் வந்துகொண்டே இருந்தன.
எங்கள் கையுறைக்கு இடது வலது கிடையாது.
எந்தக் கையிலும் ஏறும்.
ஒற்றை ஒற்றையாய் விழும், நூறு ஒற்றைக்கு ஒரு பெட்டி.
மூன்று மணிக்கு எண்ணிக்கை தவறியது.
சூப்பர்வைசர் ஏசினார்.

காலையில் கேட்டருகே அவனிடம்
வேண்டாம் என்றேன்.
"பிடிக்கலையா?"
"பிடிச்சுப் போயிருமோன்னுதான்.
அப்புறம் உனக்காகவா ரூமுக்காகவான்னு
எனக்கே தெரியாமப் போயிடும்."
அவன் ஹெல்மெட்டின் வாரை
மாட்டினான், கழற்றினான்.
"சரி லா," என்றான்.
என்னை டயர் கடை வரைக்கும்
கொண்டுவந்து விட்டான்.

பாரத்தைக் கொடுத்துவிட்டேன்.
ஏழாவது கட்டத்தில் அதே 1,
கொஞ்சம் அழுத்தி.

இந்த ஞாயிறு எனக்கும் ஜெலியாவுக்கும்
ஒரே நாளில் லீவு விழுந்திருக்கிறது.
யார் தரையில் படுப்பது என்று
இன்னும் பேசவில்லை.