பெயர் வைக்கும் முன்

இரவெல்லாம் சாலைக்கு உப்புத் தூவுவது என் வேலை.
டன் கணக்கில். யாரும் அளந்து பார்ப்பதில்லை.
மைனஸ் முப்பதைத் தாண்டினால்
உப்பும் கைவிரித்துவிடும்.
அப்போது மணல்.

வீட்டு நிலவறையிலோ
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
ஒன்று கூடினாலும் கை நடுங்குகிறது.

கடலுக்கும் சஸ்கட்டூனுக்கும் நடுவே
மலைத்தொடர் ஒன்று, இரண்டு நாள் பயணம்,
பனி மூடிய கோதுமை வயல்.
நெய்தல் என்று காட்ட இங்கே இருப்பது
ஒரு நீல வாளி, ஒரு சூடேற்றி,
ஓயாமல் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி.

பையை நீட்டும்போதே ரெனாட்டோ சொன்னார்:
"சாப்பிடும்வரை பெயர் வைக்காதே."
செபூவில் பிறந்தவர்.
அங்கே படகுத்துறைத் தூணைக் கொத்திக்கொண்டு
இந்த மீன் சும்மா நிற்குமாம்.
நான் கொடுத்தது தொண்ணூறு டாலர்.

சொட்டுச் சொட்டாய்ப் புதுநீர் விட்டு
இரண்டு மணிநேரம் பழக்கினேன்.
மணல் இல்லை, பாறை இல்லை,
பக்கமெல்லாம் கறுப்புத்தாள்.
ஒளிந்துகொள்ளக் குளியலறைக் குழாயின் முழங்கை ஒன்று.
மாடியில் பெரிய தொட்டி, பவளமும் விளக்குமாய்.
முப்பது நாள் நீ அங்கே போகக்கூடாது.
அவர்களை உன்னிடமிருந்து காக்கிறேனா,
உன்னை அவர்களிடமிருந்தா,
தெரியவில்லை. விதி அப்படி.

உடம்பில் செம்புநிறப் பட்டைகள் உனக்கு.
நீரில் செம்பு ஒரு சொட்டுக் கூடினாலோ
தாங்கமாட்டாய்.
மருந்துச் சீசாவை மூன்று முறை எடுத்து
மூன்று முறையும் திரும்ப வைத்தேன்.
வெள்ளைப்புள்ளி தெரிகிறதா என்று
டார்ச் அடித்துத் தேடுகிறேன்,
பிள்ளைத் தலையில் பேன் பார்ப்பதுபோல்.

முதல் நாள் உறைந்த இறால்குஞ்சு.
திரும்பிக்கொண்டாய்.
மூன்றாம் நாள் அதையே பூண்டுச்சாற்றில் ஊறவைத்தேன்.
வீடெல்லாம் மணத்தது, எனக்குத்தான் பசித்தது.
ஐந்தாம் நாள் உயிர்ப்புழு.
அது நெளிந்தது, நீ பார்த்தாய்.
பார்த்ததோடு சரி.
மிஞ்சியதை உறிஞ்சியெடுத்து
நீர் மாற்றி
மறுபடி உப்பு, மறுபடி கிராம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நினைக்க வேண்டாமய்யா,
தின்றால் போதும்.

முதுகோரம் உனக்கொரு பொய்க்கண்.
எட்டு நாளாக அதைத்தான்
என் பக்கம் வைத்திருந்தாய்.
நானும் அதனோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது
வெகு தாமதமாய் உறைத்தது.

ஒன்பதாம் நாள்
சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிலோ மட்டி.
பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து ஐஸில் வந்தவை.
நம் இருவரையும்விட
அண்மையில் கடலைப் பார்த்தவை.
ஒன்றைக் கத்தியால் திறந்து
பாதி ஓட்டோடு உன் தொட்டியில் வைத்தேன்.
மற்றதை வெண்ணெயில் வதக்கி
படிக்கட்டில் உட்கார்ந்து, விளக்கணைத்து,
நானே தின்றேன்,
கூச்சப்படும் விருந்தாளிக்குத் துணையாக
முதல் கவளம் எடுப்பவள்போல்.

வேலைக்குக் கிளம்பும் நேரம் கடந்துவிட்டது.
அப்போது
பொய்க்கண் மெல்ல விலகியது.
நிஜக்கண்,
பட்டை ஒன்று அதன்மேலேயே ஓடுவதால்
இதுவரை நான் சரியாய்ப் பார்த்திராதது,
ஓட்டின்மேல் குனிந்தது.
நீண்ட மூக்கு.
ஊசியில் நூல் கோக்கும் நிதானம்.
ஒரு கொத்து.

துப்பினாய்.

வாயில் கெட்ட வார்த்தை வந்தது எனக்கு.
அதைச் சொல்லி முடிக்குமுன்
துப்பியதையே
தரை தொடாமல் பிடித்துக்கொண்டாய்.

தொலைபேசியில் மெர்வின் கத்தினான்:
"ஹாலியா, எங்கே தொலைந்தாய்?
பாலம் முழுக்கக் கண்ணாடிப் பனி."
"வருகிறேன். வீட்டில் ஒருத்தன் சாப்பிட்டான்."
"யாரு?"

இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது.
"வெளியே எவ்வளவு?" என்றேன்.
"மைனஸ் பன்னிரண்டு."
நல்லது.
உப்பு கரையும்.