பின் அட்டை

முன்பேரச் சந்தைக்காரர்கள் படிக்கும் பத்திரிகைக்கு
விளம்பர இடம் விற்கிறேன், லண்டனில்.
படிக்கிறார்கள் என்று
விலைப்பட்டியலில் போட்டிருக்கிறோம்.
கேனன் தெரு அலுவலகங்களில்
லிஃப்டுக்குப் பக்கத்துக் கண்ணாடி மேசைகளில்
பாலித்தீன் உறை கிழியாமல்
போன மாதத்து இதழ்கள் கிடப்பதை
நானும் பார்த்திருக்கிறேன். சொல்வதில்லை.

தொலைபேசியில் நான் டில்லி.
தில்லைநாயகி என்று சொல்லி முடிப்பதற்குள்
வாடிக்கையாளர் வேறு அழைப்புக்குப் போய்விடுவார்.
வலப்பக்கம் என்றால் இருபது சதவீதம் கூடுதல்.
இடப்பக்கத்தைக் கண் தாண்டிப் போய்விடுமாம்.
யார் கண்டுபிடித்ததோ,
பதினோரு வருடமாக
அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அக்டோபரில் உட்கார்ந்து
ஜனவரி இதழை விற்கவேண்டும்.
ஜனவரிக்கான காகிதம்
பின்லாந்தில் எங்கோ மரமாக நிற்கிறது.
கட்டுரை எழுதப்போகிறவன்
கோர்ன்வாலில் விடுமுறையில் இருக்கிறான்.
பிள்ளை பிறக்குமுன் பேர்.
அதனால்தான் இதற்கு
முன்பேரம் என்று பேர் வந்ததோ என்னவோ.

விளம்பரமென்றால் படகு.
எட்டுப் பேர் துடுப்புப் போடும் ஒல்லிப் படகு,
விடிகாலை, மூடுபனி, ஒரே இலக்கு.
மார்ச் இதழுக்கு மூன்று கம்பெனிகள்
அதே படகை அனுப்பிவைத்தன.
அதே எட்டுப் பேர்,
நான்காவது ஆளுக்கு மட்டும் சாக்ஸ் நிறம் வேறு.
ஒரு கம்பெனிக்காவது
படத்தைத் திருப்பிப் போடலாமா என்று கேட்டேன்.
இடப்பக்கம் பார்த்துப் போனால்
நஷ்டம் மாதிரித் தெரியும் என்றார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது.
பின் அட்டை, ஸ்ட்ரூட் அண்ட் ஹெய்லி தரகர்கள்.
ஒரு வருட ஒப்பந்தம், நான்கு வண்ணம்.
கடலைப் பார்த்து நிற்கும் ஒரு சிறுமியின் முதுகு,
மேலே பெரிதாக
'உங்கள் நாளை எங்கள் கையில்.'
ஐந்தரைக்கு அச்சகத்துக்குப் போகவேண்டும்.
நாலு பத்துக்கு ஆசிரியர் ஹ்யூ
என் மேசையருகே வந்து நின்றார்.
அவர் வருகிறவரே இல்லை.
"ஸ்ட்ரூட் போய்விட்டது" என்றார்.
எங்கே என்று கேட்டுவிட்டேன்.

வாடிக்கையாளர் பணம் இருக்கவேண்டிய கணக்கில்
பணம் இல்லையாம்.
கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம்.
எங்களுக்கு ஆறு மாதப் பாக்கி.
என் கமிஷன் வாங்கியாகிவிட்டது,
செலவழித்தும் ஆகிவிட்டது.

இமோஜெனைக் கூப்பிட்டேன்,
அவர்கள் விளம்பரப் பிரிவில் இருந்தவள்.
நடைபாதையிலிருந்து பேசினாள்,
ஒரு அட்டைப்பெட்டி, ஒரு கற்றாழைத் தொட்டி,
பின்னால் பஸ் சத்தம்.
"டில்லி, அந்தப் பாப்பா என் அக்கா மகள்.
மாடலுக்குக் காசு தரமாட்டேன் என்றார்கள்.
புத்தகத்தில் வருவாய் என்று அவளிடம்
சொல்லிவிட்டேன்.
பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்."

வாசகத்தை எடுத்தோம்.
முத்திரையை எடுத்தோம்.
தொலைபேசி எண்ணை எடுத்தபோது
வடிவமைப்பாளர் ராடெக்
நேரத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
கீழ் ஓரத்தில் எறும்பு எழுத்தில்
'இந்த இடம் விற்பனைக்கு.'
ஹ்யூ கையெழுத்துப் போட்டார்.
படம் யாருக்குச் சொந்தம் என்று
கேட்காமலே போட்டார்.

இதழ் தபாலில் போன பிறகு
மூன்று அழைப்புகள்.
ஒருவர் ஏப்ரலுக்கு விலை கேட்டார்,
அவரிடமும் படகுதான் இருக்கிறது.
ஸ்ட்ரூட்டிடம் பணம் வைத்திருந்த ஒருவர்
அந்தப் படத்தை அடையாளம் கண்டு
என்னைத் திட்டினார், கொஞ்ச நேரம்.
நியாயம்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாமவர் அது எந்தக் கடல் என்று கேட்டார்.
நார்ஃபோக் பக்கம் என்றேன், பழக்கத்தில்.
தெரியாது,
கேட்டுச் சொல்கிறேன் என்று
சொல்லியிருக்கலாம்.