ஐம்பத்தொரு சதுரம்

இருபத்தெட்டு வருடமாகத் தரைக்கு டைல்ஸ் போடுகிறேன்.
செந்தூல், கெப்போங், செராஸ் அடுக்குமாடிகளில்
என் முழங்கால் தொடாத குளியலறை குறைவு.
சதுரம் எனக்குப் புதிதில்லை.
துணிதான் புதிது.

டயாலிசிஸ் நிலையத்தில்
ஏர்கானுக்கு நேர் கீழே குணவதியின் நாற்காலி.
வெளியே ஜாலான் ஈப்போவில் தார் இளகிக் கிடக்கும்,
உள்ளே அவளுக்குப் பல் அடிக்கும்.
நிலையத்துப் போர்வை மெலிசு,
அதில் யாரோ பூசிய தைல வாசம் வேறு.
"ஒண்ணு தச்சுக் கொடுங்க லா," என்றாள்,
"உங்களுக்குத்தான் சதுரம் ஒட்டத் தெரியுமே."

இருப்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.
பக்கத்து வீட்டு ரொஹானி
பாஜு கூரோங் தைத்தது போகக் கொடுத்த பாத்தேக்:
நீலத்தில் செம்பருத்தி,
நூற்றுப் பத்துக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர்.
மஸ்ஜித் இந்தியாவில் மூன்று கடை ஏறி இறங்கினேன்,
அந்தச் சுருள் தீர்ந்துவிட்டதாம்.
அப்புறம், கம்பெனி மூடியபோது என்னிடம் தங்கிய
சாம்பல் சட்டை மூன்று.
அவ்வளவுதான்.

இரவு, பையன் விட்டுப்போன கணக்கு நோட்டில்
கட்டம் போட்டேன்.
அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு ஒன்பது,
பதினைந்து சென்டிமீட்டர் சதுரம் அறுபத்துமூன்று.
பாத்தேக்கில் நாற்பத்திரண்டு,
சட்டைக்கு ஏழாக இருபத்தொன்று.
மிச்சமில்லை, குறைவுமில்லை.
ஒரு கணக்கு இவ்வளவு ஒழுங்காக வந்தால்
சந்தேகப்படு என்பது தொழிலில் படித்தது.
அன்றைக்குப் பார்த்து மறந்தது.

டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விடுவோம்.
சாந்து நிரம்பி, சுவரிலிருந்து சுவருக்குப் போவதற்குள்
தரை ஒரு விரல் வளர்ந்திருக்கும்.
துணி அப்படியில்லை.
ஒவ்வொரு ஓரமும் மடிந்து
தன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.
இரண்டு துண்டு சேர வேண்டுமென்றால்
இரண்டும் கொஞ்சம் காணாமல் போக வேண்டும்.
"கல்யாணம் மாதிரி," என்றாள் குணவதி கட்டிலிலிருந்து.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஓரத்துக்கு ஆறு மில்லி.
அழித்துவிட்டு மறுபடி பிரித்தேன்.
சட்டைக் கணக்கில் மாற்றமில்லை, அங்கே
பித்தானுக்கும் பைக்கும் தாராளமாக விட்டிருந்தேன்.
பாத்தேக் முப்பதுதான் தந்தது.
ஊசியில் நூல் கோர்க்கும் முன்பே
பன்னிரண்டு சதுரத்தைத் தையல் தின்றுவிட்டது.

ஆறுக்கு ஒன்பதாகச் சுருக்கினேன்.
ஐம்பத்துநாலு வேண்டும்,
ஐம்பத்தொன்று உண்டு.
மூன்று.
காலரைப் பிரித்து ஒட்டலாமா?
ரொஹானியிடம் கேட்டால்
தைத்ததைப் பிரித்துக்கூடத் தருவாள்,
அதனாலேயே கேட்க முடியாது.

மறுநாள் செவ்வாய்.
அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன்,
நோட்டு என் கக்கத்தில்.
நர்ஸ் வந்தாள். போர்வையின் இடப்பக்கத்தைச் சுருட்டி
இடுப்போரம் செருகினாள்.
இடக்கை வெளியே கிடந்தது,
இரண்டு ஊசி, இரண்டு குழாய்.
அந்தக் கையை மூடக் கூடாது.
ரத்தம் கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
எட்டு மாதமாக, வாரம் மூன்று முறை,
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
அளவெடுக்கிறவனாகப் பார்த்தது அன்றுதான்.

டேப்பை உருவினேன். நர்ஸ் முறைத்தாள்.
தொடாமல், காற்றிலேயே பிடித்து:
நீளம் நாற்பத்தைந்து,
அகலம் பதினைந்து தாராளம்.

இடது ஓரம், இரண்டாம் வரிசை தொடங்கி
மூன்று கட்டத்தைப் பேனாவால் அடித்தேன்.
தண்ணீர்க் குழாய் வருமிடத்தில்
டைல்ஸைக் கொத்தி விலக்குவோமே, அப்படி.
அதைக் குறை என்று
எந்த வீட்டுக்காரரும் காசைப் பிடித்ததில்லை.

குணவதி வலக்கையால் நோட்டை வாங்கினாள்.
மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
அடித்த கட்டங்களின் மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள்
கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டாள்:
"பூவெல்லாம் யாரைப் பார்த்து நிக்கும்?
நர்ஸையா, என்னையா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.
முப்பது செம்பருத்தியும் ஒரே திசை.
படுத்திருப்பவளுக்கு நேராக வைத்தால்
வந்து நிற்பவர்களுக்கெல்லாம் தலைகீழ்.

"உன்னை," என்றேன்.

வீடு திரும்பும் வழியில் கத்தரிக்கோல் வாங்க வேண்டும்.
என்னிடம் இருப்பவையெல்லாம்
கல்லை அறுப்பவை.