நஞ்சராயன் குளத்தில் ஓர் எண்ணிக்கை

சனிக்கிழமை இரண்டு ஷிப்ட் முடிந்து
படுத்தபோது மணி ஒன்றரை.
ஆறேகாலுக்கு வாசலில் ஸ்கூட்டி சத்தம்.
“ஏனுங்கக்கா, வர்றீங்களா இல்லீங்களா?”
கோகிலவாணிக்குப் பறவை என்றால் தூக்கம் வராது.
எனக்குத் தூக்கம் வரும்.
சரி, எண்ணத்தானே கூப்பிடுகிறாள்.
செக்கிங் மேசையில் பதினோரு வருடம்
எண்ணாத நாளில்லை.

கரையெல்லாம் பனி. முள்வேலியில்
வாக்கிங் போகிற யாரோ மாட்டிவிட்ட குரங்குக் குல்லா.
நல்லாறு வந்து சேரும் மூலையில்
தண்ணீருக்கு இன்னும் பட்டறை வாசம்.
அந்த ஆற்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர்
எந்தக் காலத்து ஆளோ.
வனத்துறைக்காரர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்:
பெயர், எண்ணிக்கை, குறிப்பு.
குறிப்பு எழுதாவிட்டாலும் பரவாயில்லையாம்.

நாமக்கோழியில் ஆரம்பித்தேன்.
கறுப்பு உடம்பு, நெற்றியில் சுண்ணாம்பு.
முதலில் ஒரு டஜன் கட்டி
அந்த அளவுக்குத் தண்ணீரைக்
கண்ணாலேயே வெட்டி வெட்டி அடுக்கினேன்.
ஆறாவது டஜனில் முங்கிய இரண்டு
எட்டாவது டஜனில் எழுந்தன.
பண்டலுக்குப் பண்டல் தாவுகிற சரக்கை
எந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை.

தட்டைவாயன் நாற்பத்தொன்று.
ஊசிவால் வாத்து பத்தொன்பது.
பாம்புத்தாரா ஒன்று, பட்டுப்போன கருவேலத்தில்
கொடியில் போட்ட ஈரச் சட்டையாய்.
கூழைக்கடாக்கள் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு
வந்த சொந்தக்காரர்கள்,
அவசரமே இல்லாமல் நீந்திப் போயின.

அயர்னிங் பிகாஷும் வந்திருந்தான்.
ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒன்பது பேர்,
உட்கார இடமில்லை.
தூரத்து மேட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம்,
வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு.
“பட்டைத்தலை வாத்துங்கக்கா!
இமயமலையத் தாண்டி வருதுங்க!”
கோகிலவாணிக்குக் குரல் நடுங்கியது.
பிகாஷ் பைனாகுலரை வாங்கக்கூட இல்லை.
சிலிகா ஏரிப்பக்கம் அவன் ஊரில்
இதற்கொரு பெயர் உண்டு. சொன்னான்.
என் நாக்கில் அது நிற்கவில்லை.
நெல்லில் இறங்கினால் தகரம் தட்டி விரட்டுவார்களாம்.
“இங்கேயும் வந்துருச்சா?” என்றான்,
பக்கத்து வீட்டுக்காரனைப் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டவன் போல.
பதினான்கு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தோம்.
அவன் மட்டும் நகரவில்லை.

வெயில் ஏறும்போது சேற்றோரம்
நெடுங்கால் உள்ளான்கள்.
ரோஸ் குச்சிகள்மேல் கறுப்பு வெள்ளை.
பத்து, பதினொன்று.
பன்னிரண்டாவது நொண்டியது.
பைனாகுலரைத் திருகினேன்.
முட்டிக்குக் கீழே நூல்.

பச்சையும் நீலமும் குழைந்த அந்த ஷேடு
இருட்டிலும் எனக்குத் தெரியும்.
ஐப்பசியில் போன குழந்தைகள் பைஜாமா,
முப்பதாயிரம் பீஸ்,
கலர் ஒத்துவரவில்லையென்று
இரண்டு தடவை திரும்பி வந்தது.

ட்ரிம்மர் ஹேண்ட்பேக்கில்தான் இருந்தது.
ஒரு நாளைக்கு ஆயிரம் நூல் வெட்டுகிற கை.
செருப்பைக் கழற்றிவிட்டுச்
சேற்றில் இரண்டே எட்டு வைத்தேன்.
மொத்த வரிசையும் கத்திக்கொண்டு எழுந்து
அக்கரைக்குப் போய்விட்டது.
அதுவும்தான்.
வாலைத் தாண்டி நீண்ட கால்களில்
அந்தக் கலர் மட்டும் கொஞ்ச தூரம் துடித்தது.

“அக்கா, உள்ளான் எத்தனைங்க?”
“பன்னண்டு.”
சரியாக ஒரு டஜன்.
ஓகே எத்தனை, ரிஜெக்ட் எத்தனை என்று
இந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் ‘நூல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.
வனத்துறைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
“இதென்னங்க, கூடு கட்டுதுங்களா?”

இல்லீங்க, என்றேன்.
ட்ரிம்மர் இன்னும் என் கையிலேயே இருந்தது.