பற்று

ஆடி இருபத்தொன்பது, இரவு எட்டு மணி.
சங்கக் கட்டடத்து மாடி.
வந்தவர்கள் முப்பத்தொருவர்,
வராதவர்கள் வழக்கமானவர்கள்.
தீர்மானப் புத்தகத்தில்
இப்படித்தான் தொடங்கினேன்.

செங்கோடன் கடை,
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும்
யாருக்கும் தெரியும்.
குறடு, அரம், ஊதுகுழல், வெங்காரம்.
பற்றாசுப் பொடி கேட்டால்
தராசுத் தட்டில் தாள் விரித்து
சிட்டிகை அளவும் நிறுத்துத் தருவார்.
"அப்புறம் தர்றேன்" என்பதுதான்
அந்தக் கடையில் அதிகம் போன சரக்கு.

மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம்
மீட்டர் பெட்டியில் ஒரு பொறி.
விடிந்தபோது கூரைத் தகரம்
பொரித்த அப்பளமாய்ச் சுருண்டு கிடந்தது.
சாம்பலை ஊதி ஊதி அரங்களைப் பொறுக்கினோம்.
நோட்டு மட்டும் கிடைக்கவில்லை.
நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை.
எவ்வளவு வரும் அதில் என்றேன்.
"நாலு லட்சம் இருக்கும். மூணேகாலும் இருக்கும்."
சொல்லிவிட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார்.
முகமெல்லாம் கரி.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நல நிதியிலிருந்து இருபதாயிரம் என்றார் தலைவர்.
பத்து போதும், நாளைக்கு நமக்கும் வேண்டும் என்றார்
சாக்குக் கடை வீரபத்திரன்.
செங்கோடன் நாலு மாதச் சந்தா பாக்கி என்று
பொருளாளர் எடுத்துச் சொன்னதும் உண்மைதான்.
உண்மை எல்லாவற்றுக்கும்
தீர்மானப் புத்தகத்தில் இடம் போதாது.
இருபதாயிரம் என்று எழுதினேன்.
மின்வாரியத்துக்கு இரண்டு பேர்,
லீ பஜாரில் சொல்லித் தகரம் தவணைக்கு.
பேனாவை மூடப் போனபோது
கடைசி பெஞ்சிலிருந்து மாதம்மாள் எழுந்தார்.

"நோட்டுத்தானே எரிஞ்சுது?
வாங்குனவங்க எரியலையே.
கீழ ஒரு மேசையப் போடுங்க."

போட்டோம்.
புது நோட்டு, எண்பது பக்கம்,
முப்பத்தாறு ரூபாய், சங்கச் செலவு.
முதல் நாள் காலை டீ மட்டும்தான் வந்தது.
பதினொரு மணிக்கு ஒரு மெருகுப் பட்டறைப் பையன்,
விரல் நுனியெல்லாம் அமிலக் கறை.
"முதலாளி கணக்கு எழுநூறு.
எனக்குத் தனியா நூத்தி இருவது" என்றான்.
பிறகு வீட்டில் கண்ணி கோக்கும் பெண்கள்
கூட்டமாய் வந்து சண்டை போட்டார்கள்.
"அறுவதுன்னு ஏன்டி சொல்ற,
தொண்ணூறு, நான் கூட இருந்தேன்."
ஒருவர் இரண்டாயிரம் என்றார்.
அதைப் பொங்கலுக்கே கொடுத்துவிட்டீர்களே என்றார் செங்கோடன்.
"அப்ப இது வேற. எழுதுங்க."

என் பெயரை
இருபத்து மூன்றாவதாக எழுதினேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
பேனா என் கையில்தான் இருந்தது.
முதலாவதாக எழுதியிருக்கலாம்.

தலைவர் பெயர் வரவே இல்லை.
அவர் பட்டறை ஆணியில் தொங்கும் ஊதுகுழல்
எந்தக் கடையில் வாங்கியதென்று
தெருவுக்கே தெரியும்.
இருபதாயிரத்துக்கு முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.
இரண்டையும் ஒரே ஆளாகக் கூட்ட
எனக்குக் கணக்கு வரவில்லை.

மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்.
மற்றதெல்லாம் புகை.

ஆவணி முகூர்த்தத்தில் கடை திறந்தது.
புதுத் தகரம் வெயிலில் கண்ணைக் கூசியது.
சங்கத்தின் பேரில் ஒரு மாலை.
முதல் போணி மாதம்மாள் என்று
எல்லோரும் ஒருமனதாய் ஒதுங்கி நின்றோம்.
தீர்மானம் போடாமலே
ஒருமனதானது அன்றைக்குத்தான்.

கால் கிலோ வெங்காரம்.
நிறுத்து, மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தார்.
பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டபடி
மாதம்மாள் சொன்னார்:
"அப்புறம் தர்றேன்."

செங்கோடன் என்னைப் பார்த்தார்.
நான்
நோட்டை நீட்டினேன்.