ஒட்டுப்பால் பந்து

கமுகம்பாளையில் மூன்று பேர்.
முன்னால் அஜிலா.
அவள் பின்னலைக் கடிவாளமாய்ப் பிடித்தபடி நான்.
கடைசியில் பினு:
பிரேக் அவன் குதிகால்தான்.

களியலுக்கு மேலே
ரப்பர் இலை கொட்டிய மாசி.
சருகு, எண்ணெய் தடவினதுபோல.
தட்டுக்குத் தட்டு எகிறியது பாளை.
ஐந்தாம் தட்டில் பினு இல்லை.
"லேய் பினு!" என்று திரும்பினேன்,
நானும் இல்லை.

அஜிலா மட்டும் போனாள்
நேராக ஒரு மரத்துக்கு.
சிரட்டை கவிழ்ந்து
உச்சியிலிருந்து வழிந்தது பால்.
"ஞானஸ்நானம்!" என்று கூவினாள்,
பல்லெல்லாம் ரத்தம்.

ஓடையில் முக்கினோம்.
தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய்,
ஒன்றுக்கும் விடவில்லை.
இருட்டுமுன் தலையே ரப்பர் ஷீட்.
கத்தரி எடுத்த அம்மைதான் அழுதாள்.

வெட்டிப் போட்டதைப் பொறுக்கி
மேலே ஒட்டுப்பால் சுற்றிச் சுற்றி
திங்களன்று கொண்டுவந்தாள் ஒரு பந்து.
பள்ளிச் சுவரில் ஒரே அடி;
கூரையைத் தாண்டிப் போனது.
"எனக்க முடியாக்கும்" என்றாள்,
மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

சனிக்கிழமை
மறுபடி அவள்தான் முன்னால்.
எதைப் பிடிப்பேன் என்று கேட்டேன்.

"பிடிக்காம வாலே."