கடன் கொப்பி

நான் எழுதுகிற நாவலில்
மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில்
அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்கு வருகிறார்.
எனக்கு அப்போது ஒன்றரை வயது.
இரண்டு வருடமாக
அந்த வசனத்தைத் தாண்டவில்லை அவர்.
நானும்.

பஸ்ஸேறி ஒட்டுசுட்டானில் இறங்கினேன்.
சங்கக்கடையில் விசாரித்தேன். தபாற்கந்தோரில் விசாரித்தேன்.
"எந்தப் பரஞ்சோதி?
ரேடியோ திருத்திற பரஞ்சோதியோ,
மாடு வைச்சிருந்த பரஞ்சோதியோ?"
தெரியாது என்று சொல்ல
வெட்கமாயிருந்தது.

கடைசியில் பாக்கியநாதர் கடை.
என் மூக்கைக் கொஞ்சநேரம் பார்த்தார். உள்ளே போனார்.
பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிய கொப்பி.
ஏழு இடப்பெயர்விலும்
அரிசியை விட்டாராம், தராசை விட்டாராம்,
இதை விடவில்லை.
"ஆக்கள் எனக்குத் தரவேண்டிய காசு, பிள்ளை.
அதைத் தரவெண்டாலும் உயிரோட இருப்பினமெண்டு நினைச்சன்."

கறையான் தின்ற ஓரத்துக்கு உள்ளே
க. பரஞ்சோதி.
மண்ணெண்ணெய் கால் போத்தல்.
டைனமோ வயர் இரண்டு முழம்
(அப்போ ரேடியோப் பரஞ்சோதிதான்).
சவர்க்காரம் பாதி.
பால்மா ஒன்று, பிள்ளைக்கு.

பிள்ளைக்கு.
விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தேன்,
என்னைத்தான் என்று.
பிறகுதான் திகதி கண்ணில் பட்டது.
தொண்ணூற்று மூன்று, ஆவணி.
நான் பிறந்தது தொண்ணூற்றாறு மார்கழி.

பக்கத்தைப் புரட்டினேன்.
பால்மா. பால்மா. பனடோல் ஒரு கார்ட்.
பால்மா.
மாசியில்
கற்பூரம், வெள்ளைத்துணி ஒன்றரை யார்.
அதற்குப் பிறகு
டைனமோ வயரும் இல்லை.

"இவ உங்கட தலைப்பிள்ளையோ" என்று
ஆராவது கேட்டால்
அம்மா எழும்பிக் குசினிக்குள் போவா.
அடுப்பில் ஏதோ பொங்குதாக்கும் என்று
இருபத்தெட்டு வருடம் இருந்திருக்கிறேன்.

"எவ்வளவு வரும்?"
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கூட்டினார்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.
வேண்டாமென்பார் என்று நினைத்தேன்.
ஆயிரம் ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மிச்சம் எண்ணித் தந்தார்.
ஐம்பது சதக் குற்றி இப்போது புழக்கத்தில் இல்லையாம்,
அது எனக்குத் தரக் கிடக்குதாம்.
அப்பாவின் பெயருக்குக் குறுக்கே கோடிழுக்கப்
பேனையைத் திறந்தார்.

"வெட்டாதேங்கோ.
அவர் வந்து வெட்டட்டும்."
மூடியைத் திருப்பிப் போட்டார்.

பின்னேர பஸ்ஸில்
அந்த வசனத்தைத் திறந்து
சைக்கிள் ஹாண்டிலில் ஒரு பால்மாப் பையைக் கொழுவினேன்.
போகிறவரில்லை,
வருகிறவர் போல இருந்தது.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள், அம்மா?
நெடுங்கேணி வரைக்கும் இதை எழுதி எழுதி அழித்தேன்.
ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ
கொப்பியில் அதுவும் இல்லை.
புளியங்குளத்தில் பஸ் நின்றது,
ஒருவன் கச்சான் விற்றுக்கொண்டு ஏறினான்.
வீட்டுக்கு
இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.